ஜிடிஏ 5 விளையாடேக்க கணினி நிக்குது – பழைய ஒபிஸ் மெஷின், 4 ஜிபி ரேம் – உதவி தேவை

வெள்ளவத்தைப் பொடியன் | செவ்வாய், இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸுக்குப் பாத்துக்கொண்டு வீட்டில இருக்கிறன். ஒரு மாசமா ஒரு பிரச்சினையோட மல்லுக்கட்டுறன். தெரிஞ்ச ஆக்கள் உதவி செய்யுங்கோ.

மெஷின் பம்பலப்பிட்டியில ஒரு கடையில வாங்கின பழைய ஒபிஸ் கணினி. சிபியு ஐ5 3470, ரேம் 4 ஜிபி ஒரே துண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஜிடி 730 2 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு மச்சான் தந்தவர், அதைப் போட்டிருக்கிறன்.

ஜிடிஏ 5 நல்லாத் தொடங்கும். 15, 20 நிமிசம் ஓடும். பிறகு ஒரு சொல்லும் சொல்லாம மூடிக்கொண்டு டெஸ்க்டொப்புக்கு வந்துடும். சில நாளில அதுகும் இல்லை, முழு மெஷினும் ஒரேயடியா அணைஞ்சு திரும்பத் தொடங்கும். விண்டோஸை ரெண்டு தரம் புதுசாப் போட்டுட்டன். செட்டிங் எல்லாம் ஆகக் குறைச்சாச்சு. 'கணினியை வேகமாக்குவது எப்படி' எண்ட வீடியோக்களில சொன்னது எல்லாம் செய்தும் பாத்துட்டன்.

கடைக்காரரிட்டக் கேட்டா "மெஷினுக்கு வலு காணாது, புதுசு எடுங்கோ" எண்டு ஒன்றரை லட்சத்துக்கு ஒரு விலைப்பட்டியல் தந்தார். அப்பாவிட்ட அதைக் கேக்கிற நிலைமையில வீடு இல்லை.

ராஜகிரிய கேமர் | செவ்வாய், இரவு 11.15

மச்சான், 4 ஜிபில இந்தக் காலத்துல கேம் ஆட ஏலாது. கடைக்காரர் சொன்னது சரிதான். கொஞ்சம் கொஞ்சமா சேத்து வேற மெஷின் எடு. அதோட இது காசு குடுக்காம கிராக் பண்ணின கேமா? அப்படின்னா அன்டிவைரஸ் நடுவுல ஏதாவது ஃபைலைத் தூக்கியிருக்கும்.

வெள்ளவத்தைப் பொடியன் | செவ்வாய், இரவு 11.21

இல்லை அண்ணா, ஸ்டீம் எண்ட இணையக் கேம் கடையில வாங்கினது. கனடாவில இருக்கிற பெரியம்மாட மகன் என்ர பிறந்தநாளுக்குத் தந்தவர். அதாலதான் எப்படியாவது விளையாட வேணும் எண்டு நிக்கிறன்.

தெஹிவளை அக்கா | புதன், காலை 6.40

தம்பி, புது மெஷின் கதையை ஒரு பக்கம் வையுங்கோ. வலு குறைஞ்ச கணினி மெதுவா ஓடும். படம் திக்கித் திக்கி வரும். ஆனா விழாது. விழுந்தா அதுக்கு எப்பவும் வேற ஒரு காரணம் இருக்கும்: நினைவகத்தில இடம் முடிஞ்சிருக்கும், சூடு ஏறியிருக்கும், கரண்ட் சரியில்லாம இருக்கும், ட்ரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோட பேச வைக்கிற புரோகிராம்) பிழைச்சிருக்கும், இல்லாட்டி ஏதோ ஒரு பாகம் பழுதாகியிருக்கும். 'வலு காணாது' எண்டது நோயின்ர பேர் இல்லை. டொக்டர் ஒருத்தர் கையைப் பிடிச்சுப் பாக்காம "வயசு போட்டுது" எண்டு சொன்னா நாங்கள் கேட்டுக்கொண்டு வருவமோ?

உங்கட மெஷின் அப்படி மோசமும் இல்லை. ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015 ஏப்ரல் 14. அப்ப அதைச் செய்த நிறுவனமே பரிந்துரைச்ச இன்டெல் சிபியு எது தெரியுமோ? ஐ5 3470. உங்களிட்ட இருக்கிற அதே சிபியுதான். ஆகக் குறைஞ்ச ரேம் 4 ஜிபி, பரிந்துரைச்சது 8 ஜிபி. அப்ப கேமின்ர சொந்தக் கணக்குப்படி உங்கட மெஷின் வாசலுக்கு உள்ளுக்குத்தான் நிக்குது. ஒண்டை மட்டும் பாருங்கோ: 2025 மார்ச்சில வந்த புது 'என்ஹான்ஸ்ட்' பதிப்பைப் போடாதேங்கோ. அதுக்கு ஆகக் குறைஞ்சதே 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி எண்ட வேகமான டிஸ்க்கும். 'லெகசி' எண்டு போட்டிருக்கிறதுதான் உங்களுக்கு.

நீங்கள் சொன்னதில ரெண்டு வேற வேற சம்பவம் இருக்கு. கேம் மட்டும் மூடுறது ஒண்டு. முழுக் கணினியும் அணையிறது மற்றது. ரெண்டையும் ஒரே பிரச்சினையா எடுத்தபடியாத்தான் ஒரு மாசமா ஓடித் திரியிறியள்.

இண்டைக்கு ஒண்டையும் மாத்தாதேங்கோ. ஸ்டார்ட்டில 'ரிலையபிலிட்டி' எண்டு ஆங்கிலத்தில அடிச்சா 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' எண்டு வரும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், விழுந்த நாளில சிவப்புப் புள்ளடி. அதில எந்த நேரம், எது விழுந்தது எண்டு எழுதியிருக்கும். பிறகு 'ஈவன்ட் வியூவர்' திறந்து, விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம் எண்டு போய், அதே நேரத்துக்கு ரெண்டு நிமிசம் முன்பின்னா என்ன நம்பர் கிடக்கு எண்டு பாத்துச் சொல்லுங்கோ. 2004, 4101, 41 இந்த மூண்டையும் தேடுங்கோ.

வெள்ளவத்தைப் பொடியன் | புதன், பிற்பகல் 1.30

அக்கா, மெஷினுக்குள்ள இப்படி ஒண்டு இருக்கு எண்டே எனக்குத் தெரியாது.

இந்த மாசம் 11 புள்ளடி. அதில 7 கேம் மூடினது, 4 'விண்டோஸ் வோஸ் நொட் ப்ரொப்பர்லி ஷட் டவுன்'. கேம் மூடின 7 தரத்தில 6 தரம் கொஞ்சம் முன்னால 2004 கிடக்கு. அதைத் திறந்து பாத்தா 'லோ வேர்ச்சுவல் மெமரி' எண்டு போட்டு மூண்டு புரோகிராமின்ர பேரும் கிடக்கு: ஜிடிஏ 3.4 ஜிபி, பிரவுசர் ரெண்டு தரம், ஒண்டு 600 எம்பி, மற்றது 350. அணைஞ்ச நாலு தரத்துக்கும் 41. 4101 ஒண்டுகூட இல்லை.

தெஹிவளை அக்கா | புதன், மாலை 7.05

நல்லாப் பாத்திருக்கிறியள். பாதி வேலை முடிஞ்சுது.

4101 இல்லை எண்டா கிராபிக்ஸ் கார்ட் மேல பழி போட இப்போதைக்கு ஆதாரம் இல்லை. கார்ட் ரெண்டு செக்கனுக்குள்ள மறுமொழி தராட்டி விண்டோஸ் அதின்ர ட்ரைவரைத் திரும்பத் தொடக்கும், அப்ப எழுதுற நம்பர்தான் 4101. திரை ஒருக்காக் கறுத்துத் திரும்பி வரும். உங்களுக்கு அது நடக்கேல்லை.

இப்ப 2004. ஒரு கேள்வி: அந்த வேகமாக்கிற வீடியோக்களைப் பாத்து 'வேர்ச்சுவல் மெமரி'யில கை வைச்சனீங்களோ?

வெள்ளவத்தைப் பொடியன் | புதன், மாலை 7.11

ஓம் அக்கா. கஸ்டம் சைஸ் 2048 எண்டு ரெண்டு பெட்டியிலயும் போடச் சொல்லி இருந்தது. அப்படியே போட்டனான்.

தெஹிவளை அக்கா | புதன், மாலை 7.58

அதுதான் முதலாவது காரணம். கொஞ்சம் விளக்கமா எழுதுறன், ஏனெண்டா இந்த வீடியோக்களால விழுந்த மெஷின்கள் எத்தனையோ நான் பாத்திருக்கிறன்.

ஒரு புரோகிராம் விண்டோஸிட்ட நினைவகம் கேக்கேக்க விண்டோஸ் உடன இடத்தைத் தூக்கிக் குடுக்கிறதில்லை, வாக்குக் குடுக்கும். "500 எம்பி உனக்கு இருக்கு, வேணுமெண்ட நேரம் எடு." ஆனா தன்னட்ட இல்லாததுக்கு அது ஒருநாளும் வாக்குக் குடுக்காது. தன்னட்ட இருக்கிறது எண்டு அது எண்ணுறது ரேமும், ஹார்ட் டிஸ்க்கில கிடக்கிற பேஜ் ஃபைலும் சேந்த தொகை. நீங்கள் அந்தப் பெட்டியில போட்ட 2048 எம்பிதான் பேஜ் ஃபைலின்ர அளவு, அதாவது 2 ஜிபி. அப்ப உங்களுக்கு 4 உம் 2 உம், மொத்தம் 6 ஜிபி. விண்டோஸும் பின்னால ஓடுற சாமான்களும் ஏறக்குறைய 2 ஜிபி எடுத்திருக்கும். பிரவுசர் 1. மிச்சம் 3 சொச்சம். கேம் 3.4 இல நிண்டுகொண்டு இன்னும் கேட்டது. விண்டோஸ் "இல்லை" எண்டு சொல்லிட்டுது. 'இல்லை' எண்ட மறுமொழியைத் தாங்க எழுதப்படாத கேம் அந்த இடத்திலயே விழுந்திடும்.

15, 20 நிமிசம் ஏன் ஓடினது எண்டு யோசிச்சிருப்பியள். தொடங்கின இடத்தில நிண்டு விளையாடேக்க கேமுக்கு அந்தத் தெருவும் அந்தக் கட்டடங்களும் போதும். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கெதியா ஓட ஓட, அது புதுத் தெருக்களை டிஸ்க்கில இருந்து அள்ளிக்கொண்டு வரும். கேக்கிற இடமும் கூடிக்கொண்டே போகும். மூடினது எல்லாம் கார் ஓடேக்கதானே?

செய்ய வேண்டியது: அதே வேர்ச்சுவல் மெமரி பெட்டியில 'ஓட்டோமட்டிக்கலி மனேஜ்' எண்டதுக்குச் சரி போட்டுட்டு ரீஸ்டார்ட். சி ட்ரைவில குறைஞ்சது 15 ஜிபி காலியா இருக்கட்டும், இல்லாட்டி பேஜ் ஃபைல் வளர இடம் இல்லை. விளையாடேக்க பிரவுசரை மூடுங்கோ.

ராஜகிரிய கேமர் | புதன், இரவு 8.20

அக்கா, பேஜ் ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அது ரேமை விட எவ்வளவோ ஸ்லோ. அதைப் பெருசாக்கினா கேம் திக்கும் தானே? அதனாலதான் எல்லாரும் குறைக்கச் சொல்றாங்க.

தெஹிவளை அக்கா | புதன், இரவு 8.41

திக்கும், உண்மை. ஆனா திக்கிற கேமை விளையாடலாம், மூடின கேமை விளையாட ஏலாது. பேஜ் ஃபைலைக் குறைச்சா ரேம் கூடப்போறதில்லை, குடுக்கக்கூடிய வாக்குத்தான் குறையும். திக்கிறதுக்கு மருந்து ரேம். அதுக்கு மருதானை நானா வந்து சொன்னா நல்லம், அவர்தான் அந்தச் சாமானோட புழங்கிறவர்.

மருதானை நானா | வியாழன், காலை 9.10

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். இப்பதான் பாத்தன்.

மகன், உங்கட மெஷினுக்கு டிடிஆர்3 ரேம், டெஸ்க்டொப் சைஸ். புதுசு தேட வேணாம், பழசே போதும். இன்னொரு 4 ஜிபி துண்டு எடுத்து மற்ற ஸ்லொட்டுல போட்டா 8. அதுல இன்னொரு லாபமும் ஈக்கு. ஒரு துண்டு மட்டும் ஈக்கிறப்ப ரேம் ஒரு வழியாலதான் பேசும், 1600 ரேம்னா செக்கனுக்கு 12.8 ஜிபி. ரெண்டு துண்டை ரெண்டு சேனல்லயும் போட்டா அது 25.6. நாலு ஸ்லொட் ஈக்கிற போர்ட்னா ஒரே நிறத்து ரெண்டு ஸ்லொட்டுல போடுங்க.

வாங்கப் போனா ஒண்டைக் கவனிங்க. டிடிஆர்3ல மலிவா ஒரு சாதி ரேம் வருது, 'ஏஎம்டி ஒன்லி' எண்டு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. இன்டெல் போர்ட்டுல அது எடுக்காது. ஒண்ணு மெஷின் ஒன் ஆகாது, இல்லாட்டி ரேமைக் காட்டாது. விலை ரொம்பக் குறைவா சொன்னா அந்தச் சாமானாத்தான் ஈக்கும். கணினிக் கடைகள் ஈக்கிற யூனிட்டி பிளாசா பக்கம் போனாலும் சரி, வேற எங்க போனாலும் சரி, உங்கட மெஷினையே தூக்கிட்டுப் போங்க. அங்கயே போட்டு ஒன் பண்ணி 8 ஜிபி எண்டு திரையில கண்ட பொறகு காசக் குடுங்க. வீட்டுக்கு வந்து ரேமைச் சோதிக்கிற 'மெம்டெஸ்ட்' ஒரு ராவு முழுக்க ஓட விடுங்க. ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேணாம். பழைய ரேம்ல 'ஒண்டு ரெண்டு பிழைதானே' எண்ட பேச்சே இல்ல.

பழைய துண்டையும் கழட்டி, தங்க நிறத்துல ஈக்கிற காலை ஸ்கூல் பிள்ளைகள்ற வெள்ள அழிரப்பரால மெதுவா தேச்சிட்டுப் போடுங்க. வெள்ளவத்தை கடக்கரை. உப்புக் காத்து அதுல ஒரு படை மாதிரிப் பிடிக்கும்.

தெஹிவளை அக்கா | வியாழன், காலை 9.32

நானா, ரப்பர் விஷயத்தில மட்டும் நான் ஒத்துப்போகேல்லை. தேய்க்கத் தேய்க்க அந்த மெல்லிய தங்கப் பூச்சும் சேந்து போகும், தூளும் ஸ்லொட்டுக்குள்ள விழும். பார்மசியில கிடைக்கிற ஐசோப்ரொபைல் அல்கஹோல் பஞ்சில தொட்டுத் துடைக்கிறது பாதுகாப்பு.

மருதானை நானா | வியாழன், காலை 9.50

கடையில நாங்க 15 வருஷமா ரப்பரால தான் செய்றம், ஒண்டும் ஆகல்ல. ஆனா நீங்க சொல்றதும் சரி, தூளை நல்லா ஊதிட்டுத்தான் போடணும். அல்கஹோல் கிடைச்சா அதையே பாவிங்க மகன்.

கொட்டாஞ்சேனைக்காரன் | வியாழன், பிற்பகல் 2.15

தம்பி, ரேம் கதை சரி. முறையா மூடாம மெஷின் அணைஞ்சதைக் காட்டுற அந்த 41 தான் எனக்குப் பயம். அதைத் திறந்து உள்ள 'டீட்டெய்ல்ஸ்' பாருங்க. 'பக்செக் கோட்' எவ்வளவுன்னு சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் கேக்கணும். அணையிறப்ப நீல ஸ்கிரீன் வருதா? ஃபேன் சத்தமும் நிக்குதா? கேம் இல்லாம சும்மா படம் பாக்கிறப்ப எப்பவாவது அணைஞ்சதா? கணினி எந்த பிளக்ல இருக்கு, அதே வயர்ல வேற என்ன இருக்கு? கேஸைத் தொட்டா கை சுணைக்குதா?

நான் ரிப்பேர் வேலை பாக்கிறேன், 20 வருஷத்துக்கு மேல. கடைசிக் கேள்விய சும்மா கேக்கல, அதுக்குக் கட்டாயம் பதில் சொல்லுங்க.

வெள்ளவத்தைப் பொடியன் | வியாழன், மாலை 5.40

அண்ணா, பக்செக் கோட் நாலு தரமும் 0. நீலத் திரை வரேல்லை. எல்லாச் சத்தமும் ஒரேயடியா நிண்டு, ஒரு செக்கனில திரும்பத் தொடங்கும். படம் பாக்கேக்க ஒருநாளும் அணையேல்லை, கேமில மட்டும்தான்.

வீட்டில பழைய வயரிங், உருண்டைக் கால் பிளக் பொயின்ட். கணினியின்ர பிளக் சதுரக் கால். அதால ஒரு மல்டி பிளக் எக்ஸ்டென்ஷன் வயரில போட்டிருக்கிறம். அதில மொனிட்டர், ஃபேன், பிரிஜ் எல்லாம் இருக்கு. பிரிஜ் பக்கத்தில எண்டபடியா.

கேஸைத் தொட்டா ஓம், மெல்லமா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். செருப்பில்லாம நிண்டா இன்னும் கூடும். அம்மா அதை ஒருநாள் துணியால துடைக்கேக்க கையை இழுத்தவ. பழைய மெஷின் எண்டா அப்படித்தான் எண்டு நினைச்சிருந்தம்.

கொட்டாஞ்சேனைக்காரன் | வியாழன், இரவு 9.25

தம்பி, அப்படி நினைக்காதீங்க. இதுக்கும் மெஷின் பழசானதுக்கும் சம்பந்தமே இல்ல. எர்த் இல்லைங்கிறதோட அடையாளம் அது. பவர் சப்ளைக்குள்ள கரண்ட் உள்ள வர்ற இடத்துல ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். இரைச்சலைக் கேஸ் வழியா எர்த்துக்கு அனுப்புறதுதான் அதோட வேலை. எர்த் வயர் நிலத்துக்குப் போகலைன்னா, 230 வோல்ட்ல பாதி, ஏறக்குறைய 115, அந்தக் கேஸ்ல வந்து நிக்கும். ஓடுற கரண்ட் ரொம்பச் சின்னது, அதனால சுணைப்போட போயிருது. ஆனா நாளைக்கு உள்ள ஏதாவது வயர் கேஸ்ல பட்டா, அதை நிலத்துக்கு இழுத்துட்டுப் போக வழி கிடையாது. அம்மாவோட கைதான் வழி. கேம் கிடக்கட்டும், இதை முதல்ல பாருங்க.

இப்ப அணையிற விஷயம். கோட் 0ன்னா விண்டோஸ் விழல. அதுக்கு விழவே நேரம் கிடைக்கல. கரண்ட் போயிருச்சு. அப்போ ரெண்டு இடத்துல சந்தேகம்: பவர் சப்ளை, இல்ல அதுக்கு முன்னாடி. கடைக்குப் போனா உடனே 600 வாட் பவர் சப்ளை ஒண்ணைத் தலையில கட்டுவாங்க. உங்களுக்கு அது தேவையே இல்ல. இந்த சிபியு 77 வாட், ஜிடி 730 50 வாட்டுக்கும் கீழ. எல்லாம் சேத்தாலும் 200 வாட் தாண்டாது. வாங்கிறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க.

மல்டிமீட்டர் ஒண்ணு யாருகிட்டயாவது வாங்குங்க. பெட்டி மூடியைத் திறந்து, சும்மா கிடக்கிற நாலு ஓட்டை வெள்ளை கனெக்டர் இருக்கும், அதுல மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவுல டிசி வோல்ட் பாருங்க. கேம் ஓடிக்கிட்டு இருக்கணும். 12க்கு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 11.4க்குக் கீழ போனா பவர் சப்ளைதான் குற்றவாளி. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒரு காரணத்துக்கும் திறக்காதீங்க. பிளக் கழட்டின பிறகும் உள்ள கரண்ட் நிக்கும்.

அப்படியே எக்ஸ்டென்ஷன் வயர் சுவர்ல குத்தியிருக்கிற இடத்தையும் கையால தொட்டுப் பாருங்க, ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு. பிளாஸ்டிக்கை மட்டும் தொடுங்க.

கடலோரம் | வெள்ளி, காலை 7.50

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு லப்டொப். அக்கா சொன்ன 4101 எனக்குக் கிடக்கு, திரை கறுத்து வரும். ட்ரைவர் அப்டேட்டர் எண்டு ஒரு புரோகிராம் போட்டனான், அதுக்குப் பிறகுதான் தொடங்கினது.

தெஹிவளை அக்கா | வெள்ளி, காலை 8.15

அந்த அப்டேட்டரை முதல்ல கழட்டுங்கோ. பிறகு சேஃப் மோடில பழைய கிராபிக்ஸ் ட்ரைவரை வேரோட எடுத்துட்டு, லப்டொப் செய்த நிறுவனத்தின்ர பக்கத்தில உங்கட மொடலுக்கு எண்டு குடுத்திருக்கிறதைப் போடுங்கோ. சரிவராட்டி வேற இழை ஒண்டு தொடங்குங்கோ, வந்து பாக்கிறன்.

பொடியன், இது உங்களுக்கும்தான். ஜிடி 730 எண்ட ஒரே பேரில உள்ளுக்கு வேற வேற சிப் இருக்கு. ஒண்டு கெப்ளர், அதுக்குப் புது கேம் ட்ரைவர் வாறது 2021 இல 470 வரிசையோட நிண்டுட்டு. மற்றது அதுக்கும் பழைய ஃபேர்மி, அது 2018 இலயே நிண்டுட்டு. கார்டின்ர விபரம் காட்டுற 'ஜிபியு ஸெட்' புரோகிராமைப் போட்டுப் பாத்தா எது எண்டு தெரியும். அதுக்குரிய கடைசி ட்ரைவரை மட்டும் போடுங்கோ, புதுசு தேடி அலைய வேண்டாம்.

வெள்ளவத்தைப் பொடியன் | சனி, இரவு 11.30

நீளமா எழுதுறன், மன்னிக்கோணும். இண்டைக்கு நிறைய நடந்தது.

கீழ் வீட்டு அங்கிள் மல்டிமீட்டர் தந்தார். கேம் ஓட விட்டு அளந்தன். 11.93, 11.91, ஒரு தரம் 11.88. அதுக்குக் கீழ போகேல்லை. அப்ப பவர் சப்ளை சரி எண்டு தெரிஞ்சுது. எனக்கு அது இன்னும் குழப்பமாத்தான் இருந்தது.

கேஸைத் திறந்தபடியே மீற்றரைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். தங்கச்சி பிரிஜ்ஜைத் திறந்து தண்ணிப் போத்தல் எடுத்தவ. கொஞ்ச நேரத்தில பிரிஜ் பின்னால 'டுக்' எண்டு ஒரு சத்தம், மோட்டர் தொடங்கிற சத்தம். அதே நொடி கணினி அணைஞ்சுது. ஃபேன் நிண்டு, திரும்பத் தொடங்கினது. நான் கதிரையை விட்டு எழும்பியே போனன்.

பிறகு மெயின் சுவிட்சை அணைச்சுட்டு எக்ஸ்டென்ஷன் வயரின்ர பிளக்கைக் கழட்டினன். பிளாஸ்டிக் இளஞ்சூடு. ஒரு உருண்டைக் காலைச் சுத்திப் பிளாஸ்டிக் மண்ணிறமாக் கருகி, உருகிப் பள்ளமாகியிருந்தது. சுவரில இருக்கிற ஓட்டையும் அதே மாதிரி. கருகின மணம். எத்தனை மாசமா அப்படி இருந்தது எண்டு தெரியேல்லை. அம்மா பாத்துட்டு ஒண்டும் கதைக்கேல்லை, சாமி அறைக்குப் போட்டா.

இப்ப கணினியை ஹோலில இருக்கிற சதுர பிளக் பொயின்டில நேராக் குத்தியிருக்கிறன். பிரிஜ் தனியா வேற பொயின்டில. கேஸைத் தொட்டா சுணைக்கேல்லை.

ஆனா அண்ணா, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. பிரிஜ் நாள் முழுக்க ஓடி ஓடி நிக்குது. படம் பாக்கேக்க ஏன் அணையேல்லை?

கொட்டாஞ்சேனைக்காரன் | ஞாயிறு, காலை 6.30

தம்பி, நீங்க கேட்டிருக்கிறது ரொம்ப நல்ல கேள்வி. அந்தப் பிளக்கைப் பாத்தது அதைவிட நல்ல காரியம். அது தீப்பிடிக்கிற நிலை.

மோட்டர் தொடங்கிற அந்த ஒரு நொடி, பிரிஜ் ஓடுறப்ப இழுக்கிறதைப் போல பல மடங்கு கரண்டை இழுக்கும். நல்ல பிளக்னா அது ஒரு விஷயமே இல்ல. கருகின தொடுப்புல அந்த நேரம் வோல்ட் அங்கயே விழுந்துரும், அந்த வயர்ல இருக்கிற மத்த எல்லாத்துக்கும் கரண்ட் இல்லாத மாதிரி.

நம்ம கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன். பவர் சப்ளை உள்ள ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கு, கரண்ட் போனா அதுல சேத்து வச்சதுலதான் மெஷின் ஓடும். முழுச் சுமையில அது தாங்கிறது ஏறக்குறைய அந்த ஒரு சுற்று, பழசானா அதுக்கும் குறைவு. படம் பாக்கிறப்ப மெஷின் கொஞ்சமாத்தான் எடுக்குது, அதனால அதே சேமிப்பு மூணு நாலு சுற்று தாங்கும். அதுக்குள்ள வோல்ட் திரும்பி வந்துரும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கேம்ல சிபியுவும் கார்டும் முழுசா எடுக்கிறப்ப சேமிப்பு டக்குனு காலி. அதனாலதான் பழி கேம் மேல விழுந்துச்சு.

அணைஞ்ச நாலு தரத்துல கேம் ஃபைல் ஏதாவது கெட்டிருக்கலாம். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்துல இப்படிப் படக்குனு அணைஞ்சு கெட்ட டிஸ்க் எத்தனையோ என்கிட்ட வந்துச்சு. டிஸ்க்கோட நிலையைக் காட்டுற 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போட்டுப் பாத்துருங்க. ஸ்டீம்ல கேமோட பிராப்பர்ட்டிஸ்ல போய் ஃபைலை 'வெரிஃபை' பண்ணுங்க.

மருதானை நானா | ஞாயிறு, காலை 10.05

மகன், அந்த எக்ஸ்டென்ஷன் வயரைத் திரும்பப் பாவிக்க வேணாம். வெட்டிட்டு எறிங்க, இல்லாட்டி வீட்டுல யாராவது எடுத்து அயர்ன் பண்ணப் போட்டுருவாங்க. பெட்டி தொறந்து ஈக்கிற நேரத்துலயே சிபியு ஃபேனையும் சுத்தம் பண்ணிருங்க. ஃபேனை விரலால பிடிச்சிட்டு பிரஷ்ஷால தட்டுங்க. கடக்கரை வீட்டுத் தூசி ஈரத்தோட சேந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கும், ஊதினா மட்டும் போகாது.

வெள்ளவத்தைப் பொடியன் | புதன், இரவு 10.10

பத்து நாள் பொறுத்து எழுதுறன், கொஞ்சம் ஓட விட்டுப் பாப்பம் எண்டு.

டிஸ்க் நல்லம் எண்டு காட்டினது. வெரிஃபை பண்ணேக்க 3 ஃபைல் பிழை எண்டு திரும்ப இறக்கினது. கார்ட் கெப்ளர் சாதி, அதுக்குரிய ட்ரைவர் போட்டன். தூசி எடுத்து சிபியுக்குச் சூடு கடத்துற புது பேஸ்ட் பூசினதில 94 பாகையில நிண்டது 71 க்கு இறங்கிட்டுது. ரேமுக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் போனன். மெஷினைத் தூக்கிக்கொண்டுதான் போனன் நானா. முதல் துண்டு எடுக்கேல்லை. கடைக்காரரே இன்னொண்டு எடுத்துப் போட்டார், 8 ஜிபி காட்டினது. மெம்டெஸ்ட் ராவு முழுக்க ஓடி ஒரு பிழையும் இல்லை.

பிளக்கை மாத்தின நாளில இருந்து சிவப்புப் புள்ளடி ஒண்டும் இல்லை. ரேம் போடுறதுக்கு முன்னமே, பேஜ் ஃபைலை மட்டும் மாத்தினவுடன கேம் மூடுறது நிண்டுட்டுது. ஆனா கார் கெதியா ஓடேக்க நல்லாத் திக்கினது. 8 ஜிபி வந்த பிறகு அதுகும் குறைஞ்சிட்டுது. டெக்ஸ்சர் நோர்மல், படத்தின்ர ஓரங்களை மழுப்பிக் காட்டுற எம்எஸ்ஏஏ இல்லை, சனம் வாகனம் கொஞ்சம் குறைவு. நேற்று இரவு ரெண்டரை மணித்தியாலம் பெரியம்மாட மகனோட சேந்து விளையாடினன். அவருக்கு அங்க பகல்.

தெஹிவளை அக்கா | புதன், இரவு 10.34

சந்தோசம் தம்பி. விண்டோஸ் 10 க்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது. இந்த சிபியுவை விண்டோஸ் 11 ஏற்காது. அதால வங்கி அலுவல்களை அந்த மெஷினில வைச்சுக்கொள்ளாதேங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன் | வியாழன், காலை 7.20

கேம் ஓடுறது சந்தோஷம். அந்தக் கருகின சுவர் பொயின்டை யாரையாவது கூப்பிட்டு மாத்தினீங்களா? நீங்களா கை வைக்காதீங்க.

வெள்ளவத்தைப் பொடியன் | வியாழன், பிற்பகல் 12.45

எலெக்ட்ரீஷியன் இப்பதான் போறார் அண்ணா. பொயின்டைக் கழட்டிக் காட்டினவர். பச்சை வயர் எர்த் காலில பூட்டாமலே உள்ளுக்குச் சுருட்டிக் கிடந்தது, நுனியில இன்னும் பிளாஸ்டிக் உரிக்கப்படாமல். குசினிப் பொயின்டிலயும் அப்படித்தான். ரெண்டையும் பூட்டிட்டார். அப்பா மிச்ச அறைகளையும் பாக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.